மாமா கடை சர்வர் மண்டையப் போட்ட கதை

வணக்கம் மக்களே, கண்ணு செவந்து கெடக்குல்ல, தூங்கல. நம்ம மாட்டுத்தாவணி மாமா, பூக்கடைக்கு பில்லிங் ஆப் போட்டுக் குடுத்தேனே, விடியக்காலம் 4 மணிக்கு போன். "மாப்ள, பில்லு வரமாட்டேங்குது, மல்லிக்கு ஆளு நிக்குது"ன்னு.

பில்லெல்லாம் இருக்குற டேட்டாபேஸ்தான் மைஎஸ்க்யூஎல், அது ஓடுதான்னு பாக்க சர்வர்ல சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் மைஎஸ்க்யூஎல்னு கமாண்ட் அடிச்சா செவப்புல ஃபெயில்டு. கீழ பத்து வரி லாக், அதாவது என்ன நடந்துச்சுங்கிற குறிப்பு, காட்டும், அதப் படிக்காம ரீஸ்டார்ட் ரீஸ்டார்ட்னு தட்டிக்கிட்டே இருந்தேன், அது கடுப்பாகி "ஸ்டார்ட் ரிக்வெஸ்ட் ரிப்பீட்டட் டூ குயிக்லி"ன்னு கதவச் சாத்திருச்சு. 10 செகண்டுக்குள்ள 5 தடவைக்கு மேல போனா டீஃபால்ட்டா அப்படித்தான். அந்தக் கணக்க அழிக்கிற ரீசெட்-ஃபெயில்டு அடிச்சு சமாதானம் பண்ணிட்டு, லாக்க முழுசா காட்டுற ஜர்னல்சிடிஎல் மைனஸ் யூ மைஎஸ்க்யூஎல்ல பாத்தா டிஸ்க் பார்ட்டிஷன் ஃபுல்லுங்குது. டிஸ்க்ல எடம் எவ்ளோ போயிருக்குன்னு சொல்ற டிஎஃப் மைனஸ் ஹெச்சுல நூறு பர்சன்ட்!

உடனே எக்ஸ்ட்ரா டிஸ்க் வாங்குற பக்கத்துக்குப் போயிட்டேன், மாசம் 400 ரூபா. 400 ரூபாயா! அதுக்கு நான் எத்தன பன் பரோட்டா சாப்பிடுவேன், கார்ட் நம்பர் பாதி அடிச்சுட்டு கை நின்னுருச்சு, நல்லவேள.

தேடுனா, தப்பு கண்டுபிடிக்க ஆப் ஒண்ணு விடாம எழுதி வைக்கிற டீபக் லாக் மட்டும் 27 ஜிபி. யாரு ஆன் பண்ணது? நான்தான், போன வீடியோலயே, ஆஃப் பண்ண மறந்துட்டேன். ஃபைல அழிக்கிற ஆர்எம் கமாண்ட் போட்டுத் தூக்குனேன், டிஎஃப் பாக்குறேன், அப்பவும் நூறு! மறுபடி பாக்குறேன், நூறு! ஃபைல் பேரு போயிருச்சு, ஆனா ஆப் அத இன்னும் தொறந்து வச்சிருக்கு, கைய விடுற வரைக்கும் எடம் வராது. அழிச்சும் தொறந்தே கெடக்குற ஃபைலக் காட்டுற எல்எஸ்ஓஎஃப் பிளஸ் எல்1ல "டெலிட்டட்"னு அந்த 27 ஜிபி அப்படியே உக்காந்திருக்கு. அப்ப ரீஸ்டார்ட் பண்ண வேண்டியது விழுந்து கெடக்குற மைஎஸ்க்யூஎல்ல இல்லய்யா, பச்சை லைட்டு போட்டு ஜாலியா ஓடிட்டு இருந்த ஆப்ப! பண்ணேன், எடம் வந்துச்சு, அப்புறம் மைஎஸ்க்யூஎல் ஒரே ஸ்டார்ட்டுல எந்திரிச்சிருச்சு. கத்திட்டேன், அம்மா முழிச்சுக்கிட்டாங்க.

ஆ, சொல்ல மறந்துட்டேன், ஆப்ப தட்டுறதுக்கு முன்னாடி டீபக்க ஆஃப் பண்ணிட்டேன், இல்லாட்டி அடுத்த மாசமும் இதே கூத்துதான். பழைய லாக்க அப்பப்ப தானே அழிக்கிற லாக்ரொட்டேட்டும் போட்டாச்சு.

அதுக்குள்ள மாமா 43 பில்ல துண்டுச் சீட்டுல எழுதிட்டாரு. அம்புட்டையும் ஆப்புல ஏத்தணுமாம், சாயங்காலம் கடைக்கு வரச் சொல்லிருக்காரு.