கைப்பேசிக்கு ஓர் இரவு இடம்

நேயர்களுக்கு வணக்கம். பதின்ம வயதுப் பிள்ளைகளின் மனநலம் என்றதும், "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கைப்பேசி பார்க்கலாம்?" என்றுதான் பெற்றோர் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன் தூக்கத்தைக் கணக்குப் பாருங்கள். 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். காலை 6 மணிக்கு எழும் பிள்ளை, இரவு பத்துக்குள் உறங்கியிருந்தால்தான் 8 மணி நேரமாவது தேறும்.

2026 ஜனவரியிலிருந்து சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளிகளில் பள்ளி நேரம் முழுவதும் திறன்பேசிக்கு அனுமதியில்லை. பள்ளி வழியாக வாங்கிய கற்றல் சாதனமும், பெற்றோர் வேறு நேரம் வைக்காவிட்டால், இரவு 10.30க்கு அடங்கிவிடும். தலையணைக்கு அடியில் இருக்கும் சொந்தக் கைப்பேசி மட்டும் நம் பொறுப்பு.

சார்ஜரை வரவேற்பறைக்கு மாற்றுங்கள். "அலாரம் அதில்தானே இருக்கு" என்பார்கள். சாதாரண அலாரக் கடிகாரம் ஒன்று வாங்கிக் கொடுங்கள். முதல் நாளே பத்து மணி என்று அறிவிக்காமல், கைப்பேசியை வைக்கும் நேரத்தை மூன்று இரவுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் கொண்டுவாருங்கள். அம்மா அப்பாவின் கைப்பேசியும் அங்கேயேதான் இரவைக் கழிக்க வேண்டும். அலமாரியில் கிடக்கும் பழைய கைப்பேசியை மறந்துவிடாதீர்கள். பல வீடுகளில் திட்டம் அங்கேதான் ஓட்டையாகிறது.

தயவுசெய்து ஆட்டத்தின் நடுவில் பிடுங்காதீர்கள். குழுவாக ஆடும் விளையாட்டில் பாதியில் வெளியேறினால் புள்ளி போகும், கூட்டாளிகளும் திட்டுவார்கள். பிள்ளைக்கு அது மானப் பிரச்சினை. "இந்த ஆட்டம் முடிய எத்தனை நிமிஷம் ஆகும், தம்பி?" என்று கேட்டு, முடியும்வரை பக்கத்தில் உட்காருங்கள்.

தூக்கத்தைச் சரிசெய்தும் சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறதா? பிடித்த சாப்பாடு வேண்டாம், நண்பர்கள் வேண்டாம் என்று ஒதுங்குகிறார்களா? அதைக் கைப்பேசிப் பிரச்சினை என்று தள்ளிவிடாதீர்கள். "செத்துப்போகலாம்னு தோணுதாம்மா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. சொல்ல வழி கிடைக்கும். ஆம் என்றால் திட்டாமல், தனியே விடாமல், 1767 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் ஆம்புலன்ஸுக்கு 995. மற்ற மனக்கவலைகளுக்கு மனநல உதவி எண் 1771. மூன்றும் 24 மணி நேரமும் இயங்குபவை. இந்த எண்களை இன்றே ஒரு தாளில் எழுதி, குளிர்பதனப் பெட்டிக் கதவில், பிள்ளையின் கண்ணுக்கும் படும் உயரத்தில் ஒட்டிவையுங்கள்.