பன்னிரண்டாவது சாம்பிள்

பனியன் தொழிலில் இருக்கும் நண்பர்களே, வணக்கம்.

காலர் டி-ஷர்ட் போட்டவர்கள் இந்தக் கூட்டத்தில் நிறையப் பேர் தெரிகிறீர்கள். உங்கள் சட்டைக்கு ஒரு தகப்பன் உண்டு. ரெனே லாகோஸ்ட். 1904-இல் பிறந்த பிரெஞ்சுக்காரர். துணிக்கடைக்காரர் இல்லை, டென்னிஸ் ஆட்டக்காரர். 1925-லும் 1928-லும் விம்பிள்டன் ஜெயித்தவர்.

அந்தக் காலத்தில் நெய்த துணியில் தைத்த முழுக்கைச் சட்டையோடுதான் ஆடுவார்கள். கையை மடித்துவிட்டுக்கொண்டு ஓட வேண்டும். வேர்த்தால் முதுகில் அப்பிக்கொள்ளும். பந்தடிக்கத் தோளைத் தூக்கினால் சட்டை இழுக்கும். அவதிப்பட்டவருக்குத்தானே தெரியும்! அரைக்கைப் பின்னல் சட்டைக்கு மாறினார்.

அவர் சட்டையில் இருக்கும் முதலைச் சின்னத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெயித்தால் முதலைத்தோல் பெட்டி வாங்கித் தருவதாக அணித் தலைவர் பந்தயம் கட்டினார். பெட்டியை விடுங்கள், 'முதலை' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. ராபர்ட் ஜார்ஜ் என்ற நண்பர் படம் வரைந்து கொடுக்க, அதைக் கோட்டில் தைத்துக்கொண்டு களமிறங்கினார்.

முதலையைவிட எனக்குப் பிடித்தது அந்தச் சட்டையின் நம்பர். 1933-இல் ஆந்த்ரே ஜிலியே என்ற பின்னலாடை முதலாளியோடு கூட்டுச் சேர்ந்து கம்பெனி தொடங்கினார். ஜிலியேயின் ஊர் த்ருவா. பிரான்சின் திருப்பூர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அங்கே பிறந்த சட்டைக்கு எல்.12.12 என்று பெயர். எல் என்றால் லாகோஸ்ட். 1 என்றால் பிக்கே துணி. 2 என்றால் அரைக்கை. கடைசி 12? அது லாகோஸ்ட் ஓகே செய்த சாம்பிளின் எண்!

பிக்கே உங்களுக்குப் புதிதில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தேன்கூடு மாதிரி கண் கண்ணாகத் தெரியும். அந்தப் பள்ளங்களில் காற்று நிற்பதால் வேர்த்தாலும் துணி உடம்போடு ஒட்டுவதில்லை. முதலையையோ சட்டைக்கு வெளியே, நெஞ்சிலேயே வைத்தார். கம்பெனி அடையாளம் காலருக்குள் ஒளிந்திருந்த காலம் அது. கலர் சட்டைகள் வந்தது 1951-இல்தான். அதுவரை வெள்ளை மட்டும்.

பையர் மூன்றாவது சாம்பிளைத் திருப்பி அனுப்பினாலே நாம் போனை வைத்துவிட்டு என்னென்ன பேசுகிறோம்! இந்த மனிதர் பன்னிரண்டு வரைக்கும் போயிருக்கிறார். பதினோராவதும் திரும்பி வந்தபோது த்ருவாவில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். நம் ஊர் சாம்பிள் டெய்லர் யாரையாவது கேளுங்கள், பிரெஞ்சு தெரியாமலே சொல்லிவிடுவார்.