தரமணி சென்ட்ரல் பாலிடெக்னிக்: ஒரு தொழிற்பள்ளி வளர்ந்த கதை

வணக்கம் மக்களே! ரோட்டுச் சத்தம் கொஞ்சம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பின்னால் இருப்பது சென்னை தரமணியில் இருக்கும் சென்ட்ரல் பாலிடெக்னிக். மாணவர்கள் வாயில் ‘சிபிடி’. பக்கத்தில் இருக்கும் டைடல் பார்க்கை எல்லோருக்கும் தெரியும், அது திறந்தது 2000இல். இந்தக் கல்லூரியின் வேர் 1916இல் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசத்தான் வந்தேன்.

நான் இங்கே படித்தவன் இல்லை. தெற்கே ஒரு அரசு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவன். ஆனால் அரசு பாலிடெக்னிக்கில் படித்த யாருக்கும் சிபிடி என்றால் தாய்வீடு மாதிரிதான்.

1916இல் இதன் பெயர் மெட்ராஸ் டிரேட்ஸ் ஸ்கூல். பெயரிலேயே தெரிகிறது, கைத்தொழில் கற்றுக்கொடுக்கும் பள்ளி. அப்புறம் 1937இல் அபட், வுட் என்ற இரண்டு பிரிட்டிஷ் கல்வி நிபுணர்கள் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். பள்ளி, கல்லூரி என்று பொதுப் படிப்புக்கு ஏறிப்போக ஓர் ஏணி இருக்கிறதே, தொழிற்படிப்புக்கும் அதே உயரத்தில் ஓர் ஏணி வேண்டும் என்பது அதன் சாரம். அதைத் தொடர்ந்து 1941இல் டெல்லி பாலிடெக்னிக் வந்தது. நம் டிரேட்ஸ் ஸ்கூலுக்கு ‘சென்ட்ரல் பாலிடெக்னிக்’ என்ற பெயர் 1946இல் வந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று சொல்கிறேன். அதே நாற்பதுகளில் இந்த நிறுவனத்துக்குள்ளேயே ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார்கள். வருஷம் 1945. கேமராவும் ஒரு மெஷின், மைக்கும் ஒரு மெஷின், அதைக் கையாளுவதும் தொழில்நுட்பம் என்று அன்றைக்கே யாரோ யோசித்திருக்கிறார்கள்! அந்தப் பிரிவு வளர்ந்துதான் பின்னால் ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம் படித்த அடையாறு திரைப்படக் கல்லூரி ஆனது. இப்போது அது எம்.ஜி.ஆர். பெயரில் இதே தரமணியில் தனி நிறுவனமாக இருக்கிறது. பக்கத்திலேயே அச்சுத் தொழில்நுட்பம், ஜவுளித் தொழில்நுட்பம், வேதியியல் தொழில்நுட்பம் என்று தனித்தனி நிறுவனங்கள். பெண்களுக்கு டாக்டர் தருமாம்பாள் அரசு பாலிடெக்னிக். தருமாம்பாள் அம்மையார் 1938 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை போனவர். அந்தப் பெயரை டிப்ளமோ சர்டிஃபிகேட்டில் தாங்கிக்கொண்டு பெண்கள் வேலைக்குப் போகிறார்கள் என்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

சரி, இது எப்படி இயங்குகிறது? 1957 அக்டோபர் 14 அன்று தொழில்நுட்பக் கல்விக்கென்று தனித் துறை உருவானது. கிண்டியில் இருக்கும் அந்த இயக்ககத்தை எல்லோரும் ‘டோட்’ என்றுதான் சொல்வோம். பாடத்திட்டம், வினாத்தாள், விடைத்தாள் திருத்துவது, சான்றிதழ் எல்லாம் அங்கிருந்துதான். தன்னாட்சிக் கல்லூரிகளைத் தவிர்த்துப் பார்த்தால், தரமணிப் பையன் எழுதும் அதே வினாத்தாளைத்தான் தூத்துக்குடிப் பையனும் எழுதுகிறான். செய்முறைத் தேர்வுக்கு வேறு கல்லூரியிலிருந்து எக்ஸ்டர்னல், அதாவது வெளித்தேர்வாளர், வருவார். அவர் முன்னால் நம் வாத்தியார் ஒன்றும் உதவ முடியாது.

பத்தாம் வகுப்பு முடித்தால் மூன்று வருஷம், ஆறு செமஸ்டர். பிளஸ் டூவோ ஐடிஐயோ முடித்திருந்தால் நேராக இரண்டாம் வருஷம். கல்லூரிக்குள் முதல்வர், துறைத்தலைவர்கள், விரிவுரையாளர்கள் என்று வரிசை இருக்கும். ஆனால் உயிர் இருப்பது ஒர்க்‌ஷாப்பில். அங்கே இன்ஸ்ட்ரக்டரும் திறன்மிகு உதவியாளரும்தான் எல்லாம்.

எங்கள் ஃபிட்டிங் ஷாப்பில் முதல் வேலை, இரும்புத் தகடு ஒன்றைச் சதுரமாக ராவுவது. வைஸ் என்ற இரும்புப் பிடிப்பானில் இறுக்கிப் பிடித்து, அரத்தை இரண்டு கையாலும் தள்ள வேண்டும். ஒரு கை கொஞ்சம் அதிகம் அழுத்தினால் விளிம்பு சரிந்துவிடும். எங்கள் இன்ஸ்ட்ரக்டர் ஒரு வார்த்தை பேச மாட்டார். தகட்டின் விளிம்பில் ட்ரை ஸ்கொயரை, அதாவது மூலைமட்டத்தை, வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பார். இடையில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தால் தகட்டைத் திருப்பிக் கையில் கொடுத்துவிடுவார். எனக்கு நான்கு தடவை திரும்பி வந்தது. ஐந்தாவது தடவை வெளிச்சம் தெரியவில்லை. அன்றைக்கு உள்ளங்கையில் கொப்புளம், ஆனால் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் வரை அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டே போனேன்.

‘மார்க் இல்லையா, அதான் பாலிடெக்னிக்கா?’ என்று சொந்தக்காரர்கள் கேட்ட கேள்வி எனக்கு இன்னும் வலிக்கிறது. இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் அப்பா அம்மாவிடம் கேட்கிறேன், அந்தக் கேள்வியை உங்கள் பிள்ளை காதில் விழ விடாதீர்கள். டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் வருஷத்தில் நேராகச் சேரலாம். அதற்கான கவுன்சலிங் பல வருஷம் காரைக்குடியில் நடந்தது, நானும் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய் நின்றிருக்கிறேன். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், 2022 முதல். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024இல் வந்தது. இரண்டும் டிப்ளமோவுக்கும் உண்டு.

கேட்டில் பெல் அடித்துவிட்டது, பசங்கள் வெளியே வருகிறார்கள். கருப்பு கிரீஸ் ஒட்டிய கையோடு அந்தத் தம்பி டீக்கடைக்கு ஓடுகிறான் பாருங்கள். நானும் போய் அவன் பக்கத்தில் நின்று ஒரு டீ குடிக்கிறேன். நீங்கள் எந்த பாலிடெக்னிக், எந்த ஷாப்பில் முதல் வேலை செய்தீர்கள் என்று எழுதுங்கள், எல்லாவற்றையும் படிப்பேன்.