கடைமடைக்குப் போகாத மருந்து

நேயர்களுக்கு வணக்கம்.

ஜூன் 12 நெருங்கினால் நம் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரே பேச்சுதான். மேட்டூர் திறப்பார்களா, எத்தனை கன அடி, கல்லணைக்கு என்றைக்கு வந்து சேரும்? திருத்துறைப்பூண்டி, தலைஞாயிறு பக்கம் போனால் கேள்வி மாறிவிடும். "எங்க வாய்க்காலுக்கு வருமா?" என்பார்கள். அணை நிறைந்திருக்கும், வெண்ணாற்றில் தண்ணீர் புரண்டு ஓடும், ஆனாலும் வாய்க்கால் தூர்ந்து போயிருந்தால் கடைமடை வயல் காய்ந்துதான் கிடக்கும்.

நான் எலும்பு மருத்துவர். குழந்தைகளின் எலும்பில் சீழ் பிடிக்கும் நோயைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். அந்த நோயைத் தாய் தகப்பனுக்கு விளக்க, இந்தக் கடைமடையைவிட நல்ல வழி எனக்கு இதுவரை அகப்படவில்லை.

சில வருடங்களுக்கு முன் எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூட்டி வந்தார்கள். முழங்காலுக்குக் கீழே ஒரு சின்னத் துளை, அதிலிருந்து ஓயாமல் சீழ் கசிவு. நான்கு மாதமாக இப்படித்தான் என்றார் அம்மா. ஆரம்பத்தில் விளையாடும்போது விழுந்திருக்கிறான். இரண்டு நாளில் காய்ச்சல், காலை ஊன்ற முடியவில்லை. சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு உருவி விட்டிருக்கிறார்கள். காய்ச்சலுக்குக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு நாள் கால் வீங்கி உடைந்து சீழ் கொட்டியது. அப்புறம் ஊசி. ஊசி போடும்வரை கசிவு வற்றும், நிறுத்தினால் மறுபடி வரும். "எத்தனை ஊசிதான் சார் போடுறது, மருந்து ஏன் கேக்க மாட்டேங்குது?" என்று கேட்டார்.

மருந்து கேட்காமல் இல்லை. அது அங்கே போய்ச் சேரவில்லை.

பெரும்பாலும் இந்த நோய் தோலிலிருந்துதான் தொடங்குகிறது. சொறிந்து புண்ணான கொசுக்கடி, பழுத்த கொப்புளம், இப்படி ஏதோ ஒரு வழியாக ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா ரத்தத்துக்குள் நுழைகிறது. வளரும் குழந்தையின் நீண்ட எலும்புகளில், எலும்பை நீள வைக்கும் வளர்ச்சிக் குருத்துக்கு அருகே, ரத்தக் குழாய்கள் கொண்டை ஊசி போல வளைந்து திரும்புகின்றன. ஆறு வளையும் இடத்தில் வேகம் குறைந்து வண்டல் படிகிற மாதிரி, அங்கே கிருமி தங்கிவிடுகிறது. தொடை எலும்பும், முழங்காலுக்குக் கீழே இருக்கும் கணைக்கால் எலும்பும் அதிகம் பாதிக்கப்படுவது இதனால்தான். இந்த நோய் வரும் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப்பேர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள்.

எலும்புக்குள் சீழ் சேர்ந்தால் அது விரிய இடம் கிடையாது. அழுத்தம் ஏறி உள்ளேயிருக்கும் ரத்தக் குழாய்களை நெரிக்கும். வெளியே வழி தேடி, எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வைத் தூக்கிவிடும். அந்தச் சவ்வு வழியாக வந்துகொண்டிருந்த ரத்தமும் நின்று போகும். இரண்டு பக்க வாய்க்காலும் அடைபட்டால் நடுவில் இருக்கிற எலும்பு செத்துவிடுகிறது. அந்தப் பையனின் எக்ஸ்ரேயில் தீக்குச்சி நீளத்துக்கு ஒரு துண்டு தனியாகத் தெரிந்தது.

செத்த எலும்பின் மேல் கிருமிகள் ஒரு வழவழப்பான படலத்தைக் கட்டிக்கொண்டு அதற்குள் குடியிருக்கும். குளத்துப் படித்துறையில் பாசி பிடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எவ்வளவு தண்ணீர் ஓடினாலும் அது போகாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். படலத்துக்குள் இருக்கும் கிருமியைக் கொல்ல, வழக்கமாகத் தேவைப்படுவதைப் போல நூறு மடங்கு, சில சமயம் ஆயிரம் மடங்கு மருந்துச் செறிவு வேண்டும். அவ்வளவு மருந்தை நரம்பில் ஏற்ற முடியாது. ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் அளவு மீறினால் அது சிறுநீரகத்தையும் காது கேட்கும் திறனையும் கெடுக்கும்.

அந்த மருந்தையே எலும்புக் குழிக்குள் நேராக வைத்தால், அங்கே மட்டும் செறிவு மிக உயரும், ரத்தத்தில் கொஞ்சம்தான் கலக்கும். ஆற்றுத் தண்ணீர் வராத வயலுக்கு அந்த வயலிலேயே போர் போட்டு இறைப்பது மாதிரி.

இது இன்று நேற்று வந்த யோசனை இல்லை. 1892-இல் ஜெர்மனியில் டிரீஸ்மன் என்ற மருத்துவர், எலும்பிலிருந்த குழிகளை, கிருமியைக் கொல்லும் கார்பாலிக் அமிலம் கலந்த பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கொண்டு அடைத்துப் பார்த்தார். பென்சிலின் என்ற பெயரே பிறக்காத காலம் அது. 1970-ஐ ஒட்டி, அதே நாட்டில் புக்ஹோல்ஸ் என்ற மருத்துவர், செயற்கை மூட்டை எலும்போடு பொருத்தப் பயன்படும் எலும்புச் சிமென்டில் ஜென்டாமைசினைக் கலந்தார். அதன்பின் கிளெம் என்ற மருத்துவர் அந்தச் சிமென்டைச் சிறு மணிகளாக்கிக் கம்பியில் கோத்து எலும்புக்குள் வைத்தார். பார்ப்பதற்கு ஜெபமாலை போலவே இருக்கும். சிமென்ட் இறுகும்போது சூடாகும் என்பதால், சூட்டைத் தாங்கும் மருந்துகளைத்தான் அதில் கலக்க முடியும். ஜென்டாமைசினும் வான்கோமைசினும் தாங்கும். ஆனால் சிமென்ட் கரையாது. சில வாரம் கழித்து இன்னொரு தடவை மயக்கம் கொடுத்து மணிகளை எடுக்க வேண்டும். குழந்தைக்கு இரண்டாவது அறுவை என்பது லேசான காரியமா?

அதனால் இப்போது பல இடங்களில் கால்சியம் சல்ஃபேட்டைப் பயன்படுத்துகிறோம். வேறொன்றும் இல்லை, கை முறிந்தால் மாவுக்கட்டுப் போடுகிறோமே, அதே பொருள்தான், உடம்புக்குள் வைப்பதற்கென்று சுத்திகரித்தது. அறுவை அரங்கிலேயே மருந்துப் பொடியோடு குழைத்து அச்சில் தடவினால் கொஞ்ச நேரத்தில் மிளகு, சீடை அளவு மணிகளாகிவிடும். முதல் சில நாட்கள் மருந்து அதிகமாகவும், பிறகு சில வாரம் கொஞ்சம் கொஞ்சமாகவும் கசியும். மணியும் தானாகவே கரைந்துவிடும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். மணி வைப்பது பாதி வேலைகூட இல்லை. முதலில் செத்த எலும்பை எடுக்க வேண்டும், சீழைக் கழுவ வேண்டும், பாசியைச் சுரண்ட வேண்டும். தூர் வாராமல் போர் போட்டுப் பயனில்லை. எடுத்த திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பி, என்ன கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்க வேண்டும். நரம்பு வழியாகவும் வாய் வழியாகவும் கொடுக்கும் மருந்தும் கூடவே நடக்கும். வளர்ச்சிக் குருத்துக்குப் பக்கத்தில் எதை வைப்பதானாலும் கைக்கு நிதானம் வேண்டும், அது கெட்டால் கால் குட்டையாகிவிடும். குழந்தைகளிடம் இந்த முறையைப் பற்றி இதுவரை வந்திருப்பவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள்தான். எல்லாப் பிள்ளைக்கும் இதை வைக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன். நாள்பட்டு, எலும்பு செத்து, குழி விழுந்த பிள்ளைக்கு இது பெரிய துணை.

இன்னொரு விஷயமும் மனதை உறுத்துகிறது. புண்ணில் கேப்ஸ்யூலைப் பிரித்துப் பொடியைத் தூவும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. "நீங்களும் மருந்தை உள்ளேதானே வைக்கிறீங்க?" என்று ஒரு தாத்தா கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் மேலே தூவிய பொடி எலும்புவரை இறங்காது. அரைகுறை அளவு மருந்தைப் பார்த்துப் பழகிய கிருமி, பிறகு அதே மருந்துக்கு அசையாது. தயவுசெய்து தூவாதீர்கள்.

சரி, இந்த மணிகளே தேவைப்படாமல் போக வழி உண்டா? உண்டு. முதல் சில நாட்களிலேயே பிடித்துவிட்டால், எலும்பு சாகும் முன்பே, நரம்பு வழியாகச் சில நாளும் பிறகு வாய் வழியாகவும் மருந்து கொடுத்து, மொத்தம் மூன்று வாரத்தில் பல பிள்ளைகளைக் குணமாக்க முடிகிறது. வாய்க்கால் திறந்திருக்கும்போது தண்ணீர் விட்டால் போதும் அல்லவா.

காய்ச்சலோடு ஒரு பிள்ளை காலை ஊன்ற மறுத்தால், அல்லது ஒரு கையை மட்டும் அசைக்காமல் வைத்திருந்தால், அதைச் சுளுக்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உருவக் கூடாது. விழுந்தான் என்பது உண்மையாகவே இருக்கலாம், விழாத பிள்ளை எங்கே இருக்கிறது! கைக்குழந்தைக்குச் சில சமயம் காய்ச்சல்கூட இருக்காது. துணி மாற்றும்போது வீறிடும், ஒரு காலை மட்டும் ஆட்டாது. உரம் விழுந்திருக்கிறது என்று முறத்திலும் புடவையிலும் போட்டு உருட்டுவார்கள். இடுப்பு மூட்டில் சீழ் இருந்தால் அந்த ஒரு நாள் தாமதமே மூட்டைத் தின்றுவிடும். மூட்டுக்கு மணிகள் வேண்டியதில்லை. அங்கே ரத்த ஓட்டம் நன்றாக இருப்பதால் ஊசி மருந்தே போய்ச் சேரும். சீழை உடனே வெளியேற்றிக் கழுவுவதுதான் முக்கியம்.

முதல் வாரத்தில் எடுக்கும் எக்ஸ்ரே சரியாகவே இருக்கும். எலும்பில் மாற்றம் தெரியப் பத்து நாளாவது ஆகும். நான் படித்து முடித்த புதிதில், எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று ஒரு குழந்தையை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். பத்து நாளில் திரும்பி வந்தது. அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. படம் நன்றாக இருந்து பிள்ளை நன்றாக இல்லையென்றால், ரத்தப் பரிசோதனையும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள்.

அந்தப் பையனுக்குச் செத்த துண்டை எடுத்துக் குழியைச் சுத்தம் செய்து, மணிகளை வைத்துத் தைத்தோம். இரண்டாவது வாரம் தையல் வழியாகத் தண்ணீராக வடிந்தது. மறுபடி சீழ் என்று அம்மா அழுதுவிட்டார். அது மணி கரையும் நீர். வாடை இல்லை, காய்ச்சல் இல்லை, தானாக நின்றது. சிலருக்கு இது சில வாரம்கூட இருக்கும். முன்கூட்டியே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். இப்போதெல்லாம் அறுவைக்கு முன்பே எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன். முதல் எக்ஸ்ரேயில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்த மணிகள் ஆறாவது வாரம் மங்கின. மூன்றாவது மாதம் ஒன்றுகூட இல்லை, குழியின் ஓரத்தில் புது எலும்பு படர்ந்திருந்தது. வருடத்துக்கு ஒருமுறை வந்து இரண்டு காலின் நீளத்தையும் அளந்துகொண்டு போகிறான். வளர்ச்சி நிற்கும்வரை வரச் சொல்லியிருக்கிறேன்.

வணக்கம்.