அறுவடை மெஷினும் உளுந்தின் வேரும்

நேயர்களுக்கு வணக்கம்.

தை பிறந்துவிட்டது. காவிரிப் படுகையில் சம்பாக் கதிர் தலைசாய்ந்து நிற்கிறது. இன்னும் சில நாளில் அறுவடை மெஷின் இறங்கும். அதன் பின்னால் வைக்கோல் கட்டும் பேலர், கட்டுகளை அள்ளிப் போக டிராக்டர், டிரெய்லர் என்று வரிசையாக வரும். நெல் களத்துக்குப் போகும், வைக்கோல் விலைக்குப் போகும். இத்தனை பாரமும் ஏறி இறங்கிய மண் என்ன ஆகிறது என்பதைத்தான் இன்று பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

நான் மன்னார்குடிப் பக்கம் விவசாயம் செய்கிறவன். சில வருஷங்களுக்கு முன் பக்கத்து வயலுக்கு டயரில் ஓடும் அறுவடை மெஷின் ஒன்று வந்திருந்தது. என் வயலில் மண் இன்னும் சொதசொதவென்றுதான் இருந்தது. இதை விட்டால் அடுத்த வண்டி கிடைக்கப் பத்து நாள் ஆகுமே என்ற பயத்தில் இறக்கச் சொல்லிவிட்டேன். நெல் குறையில்லாமல் வந்தது. ஆனால் நெல்லுக்குப் பின் அதே வயலில் வளர்ந்த உளுந்தை மாசிக் கடைசியில் பார்த்தால், டயர் போன இடமெல்லாம் கோடு கிழித்த மாதிரி மஞ்சள். அந்தக் கோட்டில் ஒரு செடியைக் கையால் பிடுங்கினேன், வரவில்லை. மண்வெட்டியால் நெம்பி எடுத்தேன். ஆணிவேர் மூன்று விரல்கடை கீழே இறங்கி, அங்கிருந்து 'ட' எழுத்து மாதிரி மடங்கிப் பக்கவாட்டில் ஓடியிருந்தது. நாலடி தள்ளி, டயர் படாத இடத்தில் இன்னொரு செடி எடுத்தேன். அதன் வேர் ஒரு சாண் நேராக இறங்கியிருந்தது. வேர் முடிச்சுகளை விரலால் எண்ண முடிந்தது. ஒரே விதை, ஒரே நாள் விதைத்தது.

நெல் அறுத்த வயலில் வளரும் இந்த நெல் தரிசு உளுந்துக்கு நாம் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. மேட்டூர் அணையையும் வழக்கமாக ஜனவரி 28-இல் மூடிவிடுவார்கள். மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் பனியும்தான் அந்தப் பயிருக்கு. மாசி வெயிலில் மேல் மண் காயக் காய, ஈரம் கீழே போகும். வேர் அதைத் துரத்திக்கொண்டு போக வேண்டும். வழி அடைபட்டால் செடி பட்டினிதான்.

நல்ல மண்ணில் கிட்டத்தட்டப் பாதி இடம் வெறும் துளைதான். காற்றும் தண்ணீரும் அங்கேதான் குடியிருக்கின்றன. ஈர மண்ணில் துகள்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். அந்த நேரம் பாரம் ஏறினால் துளைகள் அழுந்தி மூடிக்கொள்ளும். காய்ந்த மண் அதே பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். ஆகவே எந்த வண்டி என்று கேட்பதற்கு முன்னால், எந்த நாள் என்று கேட்க வேண்டும்.

ஒரு கணக்குப் பாருங்கள். பெரிய டயர் மெஷினின் வெட்டும் அகலம் 14 அடி. முன் டயர் ஒவ்வொன்றும் சுமார் ஒன்றரை அடி. அப்படியென்றால் வயலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் முன் டயர் மட்டுமே மிதித்துவிடுகிறது. டயருக்குப் பதில் ரப்பர் பெல்ட்டில் ஓடும் சிறிய பெல்ட் வண்டி இதைவிட அதிக இடத்தை மிதிக்கும், ஆனால் மென்மையாக மிதிக்கும். அதன் மூன்று டன் சொச்சம் எடை அகலமான பெல்ட்டில் பரவுவதால், சராசரியாகச் சதுர சென்டிமீட்டருக்குக் கால் கிலோகூட வராது. நாம் நடக்கும்போது ஒற்றைக் காலில் விழுகிற அழுத்தம்கூட அதைவிட அதிகம்தான். திருப்பும் இடத்தில் மட்டும் பெல்ட் மண்ணைக் கிளறிக் குழப்பிவிடும். அகலமாக வளைத்துத் திருப்பச் சொல்லுங்கள்.

யாரும் கவனிக்காதது டிரெய்லர். அது ரோட்டில் ஓடுகிற டயர். காற்றை இறுக அடைத்திருப்பார்கள். நெல்லை ஏற்றிக்கொண்டு அது வயலுக்குள் அலையும்போது விழும் தடம், மெஷின் தடத்தைவிட மோசம். மேல் மண் இறுகுவது டயர் காற்றைப் பொறுத்தது. ஒரு அடிக்குக் கீழே இறுகுவது சக்கர அச்சில் ஏறும் எடையைப் பொறுத்தது. டிரெய்லரில் இரண்டுமே சேர்கின்றன. என் வயலில் இப்போது டிரெய்லர் வரப்பைத் தாண்டுவதில்லை. மெஷின்தான் வரப்போரம் வந்து நெல்லைக் கொட்டுகிறது. கொஞ்சம் நேரம் கூடுகிறது, வாடகையும் கூடுகிறது. சரி என்று ஏற்றுக்கொண்டேன்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. உளுந்தை நெல் அறுவடைக்கு முன்னால், மண் மெழுகு போல ஈரமாக இருக்கும் மெழுகுப் பதத்தில் விதைக்க வேண்டும். மெஷினுக்கோ மண் காய வேண்டும். இரண்டையும் ஒருசேர முழுதாக அடைய முடியாது. என் அனுபவத்தில் வழி இதுதான்: அறுவடைக்குப் பத்து நாள் முன்பே மடையை அடைத்து வடிகாலை வெட்டிவிடுங்கள். அரை அடி ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். விளக்குத் திரி மாதிரி நீளமாக நீண்டால் எந்த வண்டியும் வேண்டாம். திரிக்கும்போதே விண்டு விண்டு போனால் பெல்ட் வண்டி இறங்கலாம். உதிரியாக உடைந்தால்தான் டயர் வண்டி. பெல்ட்டுக்கு மணிக்கணக்கில் வாடகை அதிகம் என்பது எனக்கும் தெரியும். உளுந்து போடுகிற வயலுக்கு அந்தப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் பேலர். மண்ணை இறுக்குவதில் பெரும்பங்கு முதல் மிதியிலேயே முடிந்துவிடுகிறது. அதே தடத்தில் இரண்டாவது முறை போனால் புதிதாகக் கெடுவது குறைவு. அதனால் பேலரைக் குறுக்கே ஓட விடாதீர்கள். மெஷின் போன போக்கிலேயே வைக்கோல் வரியை எடுக்கச் சொல்லுங்கள். கட்டுகளை ஆள் வைத்து வரப்புக்குக் கொண்டுவாருங்கள். ஒரு கட்டு வைக்கோலை ஒருவர் தூக்கிவிடலாம்.

இறுகிவிட்டால், மண்ணை ஆழமாகக் கீறும் உளிக்கலப்பை போட்டு உடைக்கலாமே என்று கேட்பீர்கள். நெல் அல்லாத பயிர் செய்யும் தோட்டக்கால் நிலத்தில் அடிமண் இறுகியிருந்தால் அரை மீட்டர் இடைவெளியில், அரை மீட்டர் ஆழத்துக்குக் குறுக்கும் நெடுக்குமாக உளிக்கலப்பை ஓட்டுவது நல்ல யோசனை. நெல் வயலில் அவசரப்படாதீர்கள். நடவுக்காகத் தண்ணீர் கட்டிச் சேறாக உழுது, அதாவது சேடை ஓட்டி ஓட்டி, அடியில் உண்டான கெட்டித் தட்டுதான் நெல்லுக்குத் தண்ணீரை நிறுத்துகிறது. அதை உடைத்தால் குறுவையில் தண்ணீர் நிற்காது. நமக்குத் தொல்லை அந்தத் தட்டுக்கு மேலே, வேர் ஓடும் ஆறேழு அங்குலத்தில் புதிதாக ஏற்படும் இறுக்கம். அதற்குக் கோடை உழவும், பசுந்தாள் உரமாக மடக்கி உழும் தக்கைப்பூண்டும் போதும். பழைய டெல்டாவின் களிமண் சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடித்துத் தன்னைக் கொஞ்சம் ஆற்றிக்கொள்ளும். பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கத்துச் செம்மண்ணுக்கு அந்த வெடிப்பு கிடையாது. அங்கே இருப்பவர்கள் தொழுவுரத்தைக் கூடுதலாகவே போட வேண்டியிருக்கும்.

நாளைக் காலை வயலுக்குப் போகும்போது மெல்லிய இரும்புக் கம்பி ஒன்றைக் கொண்டுபோங்கள். போன வருஷம் வண்டி இறங்கிய மூலையில் ஒரு குத்து, வண்டியே போகாத வரப்போரத்தில் ஒரு குத்து. கம்பி எவ்வளவு இறங்கியது என்று விரலால் அளந்து வைத்துக்கொண்டு, அதன்பிறகு மெஷின்காரருக்கு முன்பணம் கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.