டெத் வேலி: உள்ள வர்ற தண்ணிக்கு வெளிய வழியில்லாத பள்ளம்

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்காவுல இருக்குற டெத் வேலின்னதும் சூடுதான் ஞாபகம் வரும், 1913 ஜூலை 10ஆம் தேதி அங்க ஃபர்னஸ் க்ரீக்ங்கிற இடத்துல 56.7 டிகிரி செல்சியஸ், உலக ரெக்கார்டு, அந்த அளவீடே தப்புன்னு சொல்ற ஆராய்ச்சியாளர்களும் இருக்காங்க, அந்தச் சண்டை நமக்கு வேணாம். நான் பேச வந்தது அந்தப் பள்ளத்தப் பத்தி.

கலிஃபோர்னியாவுல அந்தப் பக்கம் பூமியோட மேலோடு இழுபட்டுக்கிட்டே இருக்கு. இழுக்க இழுக்க பிளவு விட்டு, ரெண்டு பக்கமும் மலை எழும்புது, நடுவுல தரை இறங்குது. பள்ளத்தோட அடியில இருக்குற பேட்வாட்டர்ங்கிற இடத்துல நின்னீங்கன்னா கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழ இருக்கீங்க, அங்கிருந்தே மேற்கால நிமிந்து பாத்தா 3,366 மீட்டர் உசரத்துல டெலஸ்கோப் பீக்ங்கிற மலை உச்சி. மலையிலேருந்து வெள்ளம் அடிச்சிட்டு வந்த கல்லும் மண்ணும் ஆயிரக்கணக்கான அடிக்கு உள்ள கெடக்கு, அப்படியும் பள்ளம் தூரல, ஏன்னா தரை இறங்குறது இன்னும் நிக்கல.

அதனால என்னாச்சுன்னா, உள்ள வர்ற தண்ணி கடலுக்குப் போக வழியே கிடையாது. பனியுகத்துல அங்க பெரிய ஏரியே இருந்துச்சு, லேக் மேன்லின்னு பேரு. அது வத்திப் போச்சு, உப்பு மட்டும் தங்கிருச்சு. வருஷத்துக்கு அஞ்சு சென்டிமீட்டர் மழை பெஞ்சாலே பெருசுங்கிற ஊர்ல 2023 ஆகஸ்ட்ல ஹிலாரி புயல் வந்து கொட்டுன கொட்டுல அந்த ஏரி திரும்ப நெறஞ்சு, மாசக்கணக்குல நின்னுச்சு, சனம் கயாக் விட்டுச்சுங்க! சூட்டுக்கும் இதே கததான், மேல எழும்புற காத்து மலைச்சுவருக்குள்ளயே சுத்தித் திரும்ப எறங்கும்போது அமுங்கி இன்னும் சூடாகுது.

உப்போட சேந்து தங்குனதுதான் போராக்ஸ், நம்ம ஊர்ல வெங்காரம்னு சொல்ற தாது. 1883லேருந்து 1888 வரைக்கும் ஹார்மனி கம்பெனிக்காக சீனத் தொழிலாளிங்க அந்த வெயில்ல அதச் சொரண்டி எடுத்தாங்க, கோவேறு கழுதை பூட்டுன வண்டியில 265 கிலோமீட்டர் தள்ளி மொஹாவி ரயிலடிக்குப் போச்சு. போராக்ஸ் விளம்பரத்துல அந்தக் கழுதைங்களுக்குக் கெடச்ச பேரு அந்த ஆளுங்களுக்குக் கெடைக்கல.

டெத் வேலி, அதாவது சாவுப் பள்ளத்தாக்குன்னு பேரு வச்சது 1849ல தங்கம் தேடிக் குறுக்கு வழியில வந்து மாட்டிக்கிட்ட கூட்டம். ஆனா டிம்பிஷா ஷோஷோனி மக்கள் அதுக்கு ரொம்ப முன்னாடியே அங்க குடியிருந்தவங்க, குளிருக்குப் பள்ளத்துல, வெயிலுக்கு மலை மேல, ஊத்துத் தண்ணியும் மெஸ்கீட் மரத்துக் காயும் பைன் கொட்டையுமா பொழச்சாங்க. 1933ல அரசாங்கம் அத தேசிய நினைவுச்சின்னம்னு அறிவிச்சுது (தேசியப் பூங்கா ஆனது 1994ல). அப்புறம் இவங்கள ஒரு ஓரத்துல ஒதுக்கி வச்சு, ஆளில்லாத மண்வீடுகள தண்ணியப் பீச்சியே கரைச்சாங்க, சொந்த மண்ணுலயே. அப்படியும் அவங்க கெளம்பல. 1983ல பழங்குடியா அங்கீகாரம், 2000ல தனிச் சட்டம், ஃபர்னஸ் க்ரீக்லயே 314 ஏக்கர் திரும்பக் கெடச்சுது. அந்தக் கிராமத்துல ஜூலை மாசத்துலயும் ஆளுங்க இருக்காங்க.