அளவு நோட்டில் இரண்டு கழுத்து

வணக்கம் நேயர்களே. மார்த்தாண்டத்தில் 22 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். பெண்களின் உடையைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னை அழைத்ததும், முதலில் என் அளவு நோட்டைத்தான் புரட்டினேன்.

அதில் ஒரு டீச்சர் பெயருக்கு நேரே இரண்டு அளவு எழுதியிருக்கிறேன். ஜாக்கெட்டின் பின்கழுத்து இறக்கம் 6 இஞ்ச் என்று ஒன்று, ஒன்பதரை என்று இன்னொன்று. 6 இஞ்ச் பள்ளிக்கூடத்துக்கு. ஒன்பதரை கல்யாண வீட்டுக்கு. கல்யாண வீட்டுக்கு வருகிறவர்கள் வெளியூர்க்காரர்களா? அதே தெரு, அதே சொந்தக்காரர்கள்தான். அன்றைக்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. "இது யாருட்ட தச்ச?" என்று விசாரித்துக்கொண்டு என் கடைக்கு வருகிறார்கள். அதே ஜாக்கெட்டைத் திங்கட்கிழமை பஸ்ஸில் போட்டுப் போனால் டீச்சரைப் பற்றி ஊர் பேசும்.

நைட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடுகிற உடுப்பு. சேலையில் இடுப்பு தெரியும், இதில் அதுவும் தெரியாது. ஆனாலும் வாசலில் மீன்காரர் குரல் கேட்டால், கொடியில் கிடக்கிற துவர்த்தை, அதாவது துண்டை, எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டுதான் போகிறோம். நானும் அப்படித்தான். அந்தத் துவர்த்து பெரிதாக எதையும் மறைப்பதில்லை. 'நான் ஒழுங்கான வீட்டுப் பெண்' என்று பார்ப்பவர்களுக்குச் சொல்லத்தான் அது. ஆந்திராவில் மேற்கு கோதாவரி மாவட்டத்துத் தோகலப்பள்ளியில், 2018-இல் ஊர்ப் பெரியவர்கள் கூடி, காலை 7 மணி முதல் இரவு 7 மணி வரை நைட்டியோடு வெளியே வந்தால் 2000 ரூபாய் அபராதம் என்றார்கள். பார்த்துச் சொல்பவருக்கு 1000 ரூபாய். இரவு 7 மணிக்கு மேல் அதே நைட்டியில் குற்றம் இல்லை!

துணியின் நீளத்தைப் பார்த்துத்தான் கோபம் வருகிறது என்றால் இந்தக் கணக்கு எப்படிச் சரியாகும்? எனக்கு வெகுநாள் புரியவில்லை. நம் மாவட்டத்தின் பழைய கதையைத் தெரிந்துகொண்ட பிறகுதான் புரிந்தது.

1956-இல் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன், ராஜா காலத்தில் கன்னியாகுமரி திருவிதாங்கூரில் இருந்தது. அந்த ராஜ்யத்தில் நாடார் பெண்கள் மார்பை மூடினால் அடி விழுந்தது. கடைத்தெருவில் துணியை உருவிக் கிழித்தார்கள். தோள்சீலைப் போராட்டம் என்று அதைச் சொல்கிறோம். 1829-இல் வந்த அரசாணை, ஜாக்கெட் மாதிரியான குப்பாயத்துக்கு இடம் கொடுத்தது, மார்பை மூடித் தோளில் போடுகிற தோள்சீலையைத் தடுத்தது. குப்பாயமும் உடம்பை மூடும், தோள்சீலையும் மூடும். பிறகு ஏன் ஒன்றுக்கு மட்டும் தடை? தோள்சீலை மேல்சாதிப் பெண்கள் போடுவது. அந்த மேல்சாதிப் பெண்களும் தங்களுக்கு மேலே இருப்பவர் முன்னால் அதை விலக்கியாக வேண்டும் என்பதுதான் அன்றைய வழக்கம். 1859-இல் கலவரம் முற்றி, சென்னை ஆளுநர் ட்ரெவெல்யன் நெருக்கிய பிறகு, மகாராஜா மறுபடி ஓர் ஆணை போட்டார். நாடார் பெண்கள் மார்பை மூடிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மூடக் கூடாது.

அந்தக் கடைசி வரியைப் பல தடவை படித்திருக்கிறேன். அதில் வெட்கம், மானம் பற்றிய பேச்சே இல்லை. பார்த்த உடனே இவள் இன்னார் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஒரு காலத்தில் மூடியதற்கு அடித்தார்கள், இப்போது மூடாததற்கு ஏசுகிறார்கள். என் துணியை நானே தீர்மானித்தேன் என்பதுதான் இரண்டிலும் அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

இங்கிருந்து ஒன்றரை மணி நேரத்தில் திருவனந்தபுரம். பத்மநாபசுவாமி கோயிலுக்குச் சுடிதாரில் போகிற பெண்கள், அதற்கு மேலேயே ஒரு முண்டு வேட்டியைச் சுற்றிக்கொண்டு உள்ளே நுழைகிறார்கள். குருவாயூரில் 2007 முதல் சுடிதாருக்கு அனுமதி உண்டு. ஒரே மாநிலம், இரண்டு வாசல். நம் சுசீந்திரத்தில் ஆண்கள் சட்டையைக் கழற்றினால்தான் சாமிக்கு மரியாதை. கோயில் வழக்கங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் தெருவில் போகிற பெண்ணின் மேல் கை வைத்துவிட்டு, 'அவள் உடுத்தின விதம் அப்படி' என்று சொல்கிறார்களே, அதை ஒருநாளும் ஏற்க மாட்டேன். 2022 ஆகஸ்டில் கோழிக்கோட்டு நீதிமன்றம் ஒன்று, ஜாமீன் உத்தரவில் புகார் கொடுத்த பெண்ணின் உடையைக் குறை சொல்லி எழுதியது. அக்டோபரில் கேரள உயர் நீதிமன்றம் அந்த வரிகளை நீக்கியது. அந்தச் செய்தியை வாசித்த அன்று மெஷினை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

திருவனந்தபுரத்தில் படிக்கிற ஒரு பெண் என் கடைக்கு வருவாள். குர்தியின் பக்க வெட்டு ரொம்ப மேலே இருக்கிறது, வீட்டில் ஏசுவார்கள் என்று, வெள்ளிக்கிழமை சாயங்காலம் களியக்காவிளை தாண்டி வந்ததும் நேரே என்னிடம் வந்து நிற்பாள். மூன்று இஞ்சுக்கு ஓட்டுத் தையல் போட்டுக் கொடுப்பேன். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் உட்கார்ந்து அவளே பிரித்துக்கொள்வாள். இரண்டு வருடம் இப்படி நடந்தது.

போன மாதம் அவள் அம்மா வந்தார். கையில் அதே குர்தி. எனக்குப் பயமாகிவிட்டது. அவர் துணியை மேசையில் விரித்து, தையலைத் தடவிப் பார்த்துவிட்டு, "இத பிரிச்சிரு மக்களே, இங்க வரும்போதும் அவ அப்படியே உடுத்தட்டும்" என்றார். நூலை உருவினேன். துணியில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டுக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை.

வணக்கம்.